அம்மா டிரைவர், நான் கிளீனர்

எங்கள் வீட்டுக் காருக்கு அம்மா டிரைவர், நான் கிளீனர். லொறிகளில் கிளீனர் என்று ஒருவர் இருப்பாரே, இறங்கிச் சில்லுக்குக் கல் வைப்பதும் பின்னால் பார்த்துக் கத்துவதும் அவர் வேலை. என் வேலை அதைவிடக் கொஞ்சம் நுட்பமானது. கியர் இறுகி நின்றால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்க வேண்டும். பொனற்றைத் திறந்து, ஸ்ரியரிங் தண்டின் அடியில் இருக்கும் இரண்டு சின்ன இரும்புக் கைகளைப் பிடித்து இழுத்துச் சமப்படுத்த வேண்டும். பிறகு கையெல்லாம் கிறீஸோடு ஏறி உட்கார வேண்டும். இத்தனையையும் வாகனம் நெரியும் காலி வீதியின் நடுவில், பின்னால் நிற்கும் பஸ் சாரதி சிங்களத்தில் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. திருப்பிச் சொல்லப் போதுமான சிங்களம் எனக்கும் தெரியும்.

கார் ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்தது. கறுப்பு நிறம், கனத்த கதவுகள், சோபா மாதிரி முன் இருக்கை. வாங்கியது அப்பா, ஓட்டியது அம்மா. அப்பாவுக்குக் கண்பார்வை மட்டு என்பதால் கலியாணமான புதிதிலேயே அம்மா ஓட்டப் பழகிவிட்டார். அப்பா காலமான பிறகும் காரை விற்கிற பேச்சை அவர் எடுக்கவில்லை. வீட்டில் அம்மா சின்ன உருவம், மெல்லிய குரல். அந்த இருக்கையில் ஒரு தலையணையைப் போட்டு ஏறி உட்கார்ந்தாரென்றால் ஆளே வேறு. முந்தப் பார்க்கும் முச்சக்கர வண்டிக்காரன் யாராக இருந்தாலும் அவர் வழிவிட்டு நான் கண்டதில்லை.

இந்தக் காரில் கியர்ப்பிடி தரையில் இல்லை. ஸ்ரியரிங் வளையத்துக்குக் கீழே, இடது கைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மறுமுனை தண்டோடு ஒட்டிக் கீழே இறங்கும் ஒரு குழாயில் பொருந்தியிருக்கும். பிடியைத் தன் பக்கம் இழுத்தால் குழாய் சற்றே மேலே ஏறும். அது முதலாம் கியருக்கும் பின்னோக்கிப் போகும் கியருக்குமான வழி. கையை விட்டால் ஸ்பிரிங் ஒன்று குழாயைக் கீழே தள்ளும். அது இரண்டாம், மூன்றாம் கியர்களுக்கு. குழாய் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும்வரை எல்லாம் சுகம். எங்கள் குழாய் பாதி வழியில் நின்றுவிடும். மேலும் இல்லை, கீழும் இல்லை. அப்போதுதான் கிளீனருக்கு அழைப்பு வரும்.

யுத்தம் நடந்த அந்த நாட்களில் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அம்மா எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவார். போகிற வழியில் என்னைப் புதுக்கடையில் இறக்கிவிடுவார். அங்கே ஒரு சட்டத்தரணியிடம் நான் தட்டெழுத்து வேலை பார்த்தேன். காரில் வருபவர்கள் எல்லோரும் நல்ல சைவப் பெண்கள்தான். வெள்ளிக்குப் பிள்ளையார், செவ்வாய்க்கு அந்தோனியார் என்பதில் அவர்களுக்கு ஒரு குழப்பமும் கிடையாது. ஒருத்திக்கு மகனின் வீசா. இன்னொருத்திக்கு வன்னியில் அகப்பட்ட தங்கை. பஸ்ஸில் போனால் வீதியை மறித்து நிற்கும் ஒவ்வொரு இராணுவச் சென்றியிலும் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய் என்ற கேள்விக்கெல்லாம் தனித்தனியாக நின்று பதில் சொல்ல வேண்டும். அம்மாவின் காரில் என்றால் எல்லோருக்கும் சேர்த்து அம்மாவே சொல்லிவிடுவார். கிழமையில் அந்த ஒரு காலைதான் அவர்கள் வாய்விட்டுச் சிரிக்கும் காலை. கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை ஊர்க்கதை, அதன் பிறகு மருமகள்மார் கதை.

செவ்வாய் காருக்குள் இருப்பவர்களுக்கு என்றால், வெள்ளி காருக்கு. வெள்ளிக்கிழமை காலையில் தலை தோய்ந்துவிட்டு, கோயிலிலிருந்து கொண்டுவந்த திருநீற்றையும் சந்தனத்தையும் எடுத்துக்கொண்டு அம்மா காருக்குப் போவார். ஸ்ரியரிங் வளையத்தில் பூசினால் உள்ளங்கையில் ஒட்டுமாம். கண்ணாடியில் பூசினால் பாதை மறைக்குமாம். ஆகவே கியர்ப்பிடி குழாய்க்குள் நுழையும் கழுத்தில் மூன்று குறி, அதன்மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம். கியர் கரைச்சல் கொடுக்கத் தொடங்கிய பிறகு ஒரு கரண்டித் தீர்த்தமும் சேர்ந்துகொண்டது.

கனடாவிலிருந்து அண்ணா தொலைபேசியில் பேசும்போதெல்லாம் இதைப் பற்றித்தான் சண்டை. சென்றியில் டோர்ச் அடித்துக் காருக்குள் பார்ப்பார்கள், திருநீற்றைக் கண்டால் தமிழ்க் கார் என்று உடனே தெரிந்துவிடும் என்பது அவர் கவலை. கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. எத்தனையோ பெண்கள் சென்றிக்கு முன்னால் பொட்டைத் தேய்த்து அழித்துவிட்டுத் தாண்டிய பிறகு கைப்பையிலிருந்து குங்குமம் எடுத்து வைத்துக்கொள்வதை நானே பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். அம்மா மட்டும் அசையவில்லை.

"நான் என்ரை நெத்தியையும் அழிக்கேல்லை, காரையும் அழிக்கேல்லை. நீ அங்கை குளிருக்குத் தொப்பி போடு," என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததை இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. சென்றியில் ஒரு இளம் சிப்பாய், முகத்தில் இப்போதுதான் மீசை அரும்பிய பிள்ளை, அம்மா கோட்டைத் தாண்டி நிறுத்திவிட்டார் என்று, "பொட்டக் பஸ்ஸட்ட," கொஞ்சம் பின்னால், என்று கையசைத்தான். அம்மா பின்னோக்கிப் போகும் கியரைப் போட்டு ஒரு முழம் பின்னால் எடுத்தார். அட்டைகளைப் பார்த்தான். பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்து பார்த்தான். போகலாம் என்று காரில் தட்டினான். அம்மா பிடியை முதலாம் கியருக்கு இழுத்தார். பிடி முதலாம் கியருக்கு வந்தது. ஆனால் கீழே இருந்த இரும்புக் கை அதோடு வராமல் பின்னோக்கிப் போகும் கியரிலேயே நின்றுவிட்டது. அம்மா கிளச்சை விட்டார். கார் முழு வேகத்தில் பின்னால் பாய்ந்தது.

"நவத்தன்ன! நவத்தன்ன!"

அந்தப் பிள்ளை மணல் மூட்டைகளின் மேல் பாய்ந்து விழுந்தான். நிறுத்தச் சொல்லிக் கத்திய மற்றவர்கள் துவக்குகளை நீட்டிக்கொண்டு எங்களைச் சூழ்ந்துவிட்டார்கள். பின் இருக்கையில் பிள்ளையாரும் அந்தோனியாரும் ஒரே மூச்சில் கூப்பிடப்பட்டார்கள். அம்மா எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு கைகளையும் ஸ்ரியரிங்கின் மேல் தெரியும்படி வைத்தார். எங்கள் எல்லோரையும் இறக்கி, காரைத் தலைகீழாகச் சோதித்தார்கள். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, கியர்தான் காரணம் என்றால் செய்து காட்டு என்றார்கள். முதுகுக்குப் பின்னால் துவக்கு நிற்க நான் பொனற்றைத் திறந்து அந்தக் கைகளை இழுத்தேன். எனக்கு அவ்வளவு பயம், இரண்டு தரம் கை வழுக்கிவிட்டது. மூன்றாம் தரம் 'டக்' என்று விழுந்தது. மணல் மூட்டையிலிருந்து எழுந்த பிள்ளை சட்டையைத் தட்டிக்கொண்டே குனிந்து பார்த்தான். போங்கள் என்று மட்டும் சொன்னான்.

அன்று அம்மா கொச்சிக்கடைக்குப் போகவில்லை. திரும்பி வந்து காரை முற்றத்தில் நிறுத்தி, பூட்டிய திறப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"வித்துப்போடுவம், பிள்ளை. நான் அந்தப் பொடியனைக் கொல்லப் பாத்தன். அவங்கள் உங்களை எல்லாம் கொல்லப் பாத்தாங்கள். போதும்."

நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. பாமன்கடையில் பழைய கார் வாங்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடாகிவிட்டது. ஒழுங்கைப் பெண்கள் வந்து, நல்லதுதான் அக்கா, உயிர்தானே பெரிசு என்று சொல்லிவிட்டு, செத்த வீட்டில் இருந்து போவதுபோலப் போனார்கள். அம்மா பகலில் படுக்கத் தொடங்கினார். அம்மா பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை. எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் வந்தது. ஒரு முழ நீளக் குழாய் எங்கள் வீட்டை இப்படி ஆக்குவதா!

சனிக்கிழமை காலை நானே கொட்டாஞ்சேனைக்குப் போய், அப்பா காலத்திலிருந்து எங்கள் காரைத் திருத்தும் மெக்கானிக் பாஸைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் துறைமுகத்தில் கிரேன் திருத்துபவர், விடுமுறை நாட்களில் கார் வேலை. கழுத்தில் மாதா பதக்கம், வாயில் ஓயாத பேச்சு.

"தங்கச்சி, இந்தத் தடவை ஒரே அடி. இனி இந்தக் கியர் வெண்ணெய்."

இதே வெண்ணெயை அவர் அதற்கு முன்னரும் பலமுறை சொல்லியிருந்தார். அவர் கிறீஸ் அடித்தார். இறுகியது. கீழேயிருந்து கியர்ப்பெட்டிக்குப் போகும் கம்பிகளின் நீளத்தைக் கூட்டினார். இறுகியது. குறைத்தார். இன்னும் நன்றாக இறுகியது. அடிப்புறத்தில் தேய்ந்த புஷ் வளையத்தைக் கழற்றிப் புதிது போட்டார். அம்மா சன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மத்தியானம் ஆனது. பாஸின் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது.

"கம்பி இரண்டையும் முழுசாக் கழட்டிப் பாருங்கோவன்," என்றேன். யோசித்துச் சொன்னது இல்லை, எரிச்சலில் சொன்னது. எதையாவது கழற்றிப் போட வேண்டும்போல் இருந்தது.

கழற்றினார். இப்போது கியர்ப்பிடிக்கும் கியர்ப்பெட்டிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பிடி காற்றில் ஆடுவதுபோல் ஆட வேண்டும். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இழுத்தேன். வரவில்லை. பாஸ் என் காலடியில், மிதிகளுக்கு மேல் தலையை வைத்து, மல்லாக்கக் கிடந்தார்.

"இன்னும் இழுங்க."

இரண்டு கையாலும் இழுத்தேன். 'கறக்' என்று ஒரு சத்தம். எதுவோ உதிர்ந்து பாஸின் மூக்கில் விழுந்தது. அவர் தும்மினார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"தங்கச்சி, இங்க கோயில் மணக்குது."

நான் குனிந்து பார்த்தேன். அவர் மூக்கின்மேல் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு துண்டு, சீமெந்துபோல. எடுத்து விரலில் நசித்தால் நசியவில்லை. மோந்து பார்த்தால் சந்தனம்.

எனக்கு விளங்கிவிட்டது. வெள்ளிக்கு வெள்ளி வைத்த திருநீறும் சந்தனமும் தீர்த்தத்தில் கரைந்து, பிடியின் கழுத்து வழியாக உள்ளே இறங்கி, பழைய கிறீஸோடு குழைந்து, வெயிலில் காய்ந்து கல்லாகிவிட்டது. குழாய் மேலே ஏற இடமே இல்லை. கியர் இறுக இறுக அம்மா கூடப் பூசினார். கூடப் பூசப் பூசக் கியர் இறுகியது.

"பாஸ், இத்தனை தரம் கழட்டினீங்கள். மேலை ஒருக்காலும் பாக்கேல்லையோ?"

பாஸ் எழுந்து உட்கார்ந்து மூக்கைத் துடைத்தார்.

"அம்மா சாமி வெச்சிருக்கிற இடம். நான் வேற வேதக்காரன். அதில ஸ்க்ரூட்ரைவரை வெச்சுக் கிண்டினா நல்லா இருக்குமா?"

அவரை மட்டும் என்ன சொல்வது! வெள்ளவத்தையில் முன்னர் காட்டிய சைவ மெக்கானிக் அந்த இடம் வந்ததும் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கீழே போய்விடுவார். பௌத்தரான சிங்கள பாஸ் ஒருவர் கும்பிட்டே விட்டார். நானும்தான், தூசி தட்டும்போது அந்த இடத்தைச் சுற்றித் தட்டுவேன். மூன்று சமயமும் சேர்ந்து மரியாதை செய்து எங்கள் கியரைக் கட்டிப் போட்டிருக்கின்றன. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பாஸும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அம்மாவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா சிரிக்கவில்லை.

"அண்ணன் சொல்லித்தானே?"

"என்ன?"

"அழிக்கச் சொல்லி அவன் போனிலை கேட்டான், நான் மாட்டன் எண்டன். இப்ப நீயும் பாஸும் கியரைச் சாட்டி அழிக்கப் பாக்கிறியள். துவக்கைக் கண்டு அழிக்காததை உங்களுக்காக அழிப்பனோ?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு நாள் முழுக்கக் கிறீஸில் புரண்டதற்கு இதுவா பரிசு? வாயில் வந்ததைச் சொல்லப் போனேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் பிடிவாதம் இல்லை, பயம் இருந்தது. அதுவரை ஒரு சென்றியிலும் நான் காணாத பயம். எங்கள் எல்லோரையும் இத்தனை காலம் காப்பாற்றியது அந்தக் குறிதான் என்று அம்மா உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார். என் கோபம் வந்த வழியே போய்விட்டது.

"நீங்களே வந்து பிடிச்சுப் பாருங்கோ அம்மா. நானும் பாஸும் தொடமாட்டம்."

அம்மா வந்தார். தலையணையைச் சரிசெய்து உட்கார்ந்தார். கம்பிகள் கழன்று நிலத்தில் கிடப்பதை பாஸ் காட்டினார். அம்மா பிடியை இழுத்தார், தள்ளினார், மறுபடி இழுத்தார். எத்தனையோ வருடமாக அந்தப் பிடியோடு பழகிய கை அது. எங்கே இறுகுகிறது என்று நாங்கள் சொல்லத் தேவை இருக்கவில்லை. விரலைப் பிடியின் கழுத்தில் வைத்துத் தடவிக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

பிறகு இறங்கி உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார். கையில் சாமியறைப் பித்தளைத் தட்டும் வெள்ளைத் துணியும்.

"கோயிலிலை விடிய என்ன செய்யிறவை? முதல் நாள் சாத்தின சந்தனத்தைக் களைஞ்சுபோட்டுத்தானே புதுசு சாத்திறவை? நிர்மாலியம் களையாமல் நான்தான் பூசிக்கொண்டே இருந்திருக்கிறன். பிழை என்னிலை. அழிக்கிறது வேறை, களையிறது வேறை."

"அப்பிடித்தான் அம்மா," என்றார் பாஸ், ஏதோ தேவாரம் ஓதி வளர்ந்தவர்போல.

அம்மாவே களைந்தார். பாஸ் கியர்ப்பிடியின் கழுத்திலிருந்த முள் ஆணியைக் கழற்றிக் கொடுத்தார், அம்மா மெல்லிய கரண்டிக் காம்பால் சுற்றிவரக் கிளறினார். கடைசியில் அது முழுசாகவே கழன்று தட்டில் விழுந்தது. நடுவில் ஓட்டையோடு, அசல் உழுந்து வடை. ஓரத்தில் குங்குமமும் திருநீறும் வரிவரியாகத் தெரிந்தன. மூவரும் சுற்றி நின்று அதைப் பார்த்தோம். அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று குனிந்து பார்த்தால், சிரிப்பு. அடக்க முடியாமல் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எவ்வளவு பக்தி பாரன்! கியரே போடேலாத பக்தி!"

அந்த வடையை அம்மா முற்றத்துச் செவ்வரத்தைச் செடியின் அடியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். பாஸ் பிடியின் கழுத்தையும் குழாயையும் மண்ணெண்ணெயால் கழுவி, புதுக் கிறீஸ் வைத்து, கம்பிகளை மாட்டினார். அம்மா ஏறிப் பிடியை இழுத்தார். ஒரு விரலுக்கு வந்தது. விட்டார். ஸ்பிரிங் தள்ளியது. முதலாம், இரண்டாம், மூன்றாம், பின்னால், மறுபடி முதலாம். கார் நகராமலேயே அம்மா கியர் மாற்றிக்கொண்டிருந்தார். வெண்ணெய் என்று பாஸ் இருபது முறையாவது சொல்லியிருப்பார், ஒருவரும் மறுக்கவில்லை.

ஞாயிறு பாமன்கடைக்காரர் வந்தார். அம்மா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடற்கரை வீதியில் ஒரு சுற்றுக் கொண்டுபோய் வந்தார். மனிதர் கியரில் மயங்கிப்போனார். இந்த வயதுக் காரில் இப்படி ஒரு கியரைத் தான் கண்டதே இல்லை என்றார். அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தேத்தண்ணி கொடுத்து, வாழைப்பழம் கொடுத்து, "விக்கிற எண்ணம் இல்லை, தம்பி. உங்களுக்குக் காட்டத்தான்," என்றார். அவர் போன முகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பாவமாக இருக்கிறது.

அன்று பின்னேரம் அண்ணாவின் அழைப்பு.

"கியரிலை இருந்ததை எடுத்தாச்சோ அம்மா?"

"ஓம். துப்பரவா எடுத்தாச்சு."

அண்ணா பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது. மிச்சத்தை அம்மா சொல்லவில்லை. மிச்சம் இதுதான்: இனிப் பிடியின் கழுத்தில் பூச முடியாது, ஸ்ரியரிங்கிலும் முடியாது. ஆகவே முன் பலகையின் உச்சியில், கண்ணாடிக்கு நேர் கீழே, பாதையில் வருபவர் எல்லோரும் பார்க்கும்படி, கை அகலத்துக்கு மூன்று குறி போட்டு, நடுவில் பெரிய சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். முன்பு டோர்ச் அடித்துக் குனிந்தால்தான் தெரியும். இப்போது பத்து யார் தூரத்திலேயே தெரிந்தது. வெள்ளிக்கு வெள்ளி பழையதை ஈரத் துணியால் களைந்துவிட்டுப் புதிது வைப்பதாகவும் எனக்கு வாக்குக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை ஒழுங்கையே திரண்டு வந்து ஏறியது. சிரிப்பும் கூத்துமாகப் புறப்பட்டோம். சென்றி தெரிந்ததும் பின் இருக்கை அடங்கிவிட்டது. அதே பிள்ளைதான் நின்றான். காரைக் கண்டான். முதலில் திரும்பி, பின்னால் நின்ற தன் ஆட்களைச் சைகையால் விலகச் சொன்னான். பிறகு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றான். அந்தப் பெரிய திருநீற்றுக் குறியைப் பார்த்தான். அம்மாவின் நெற்றியைப் பார்த்தான். மறுபடி குறியைப் பார்த்தான்.

சன்னலில் குனிந்தான்.

"அத இஸ்ஸரஹட்டத, பஸ்ஸட்டத, அம்மே?"

இன்றைக்கு முன்னாலா, பின்னாலா, அம்மா? அவ்வளவுதான் அவன் கேட்டது.

"இஸ்ஸரஹட்ட, புத்தே," என்றார் அம்மா. முன்னால்தான், மகனே.

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மணல் மூட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று கையசைத்தான். அம்மா பிடியைத் தன் பக்கம் இழுத்து முதலாம் கியரைப் போட்டார். ஒரு சத்தமும் இல்லை. கிளச்சை விட்டார். கார் முன்னால் போனது. பின் இருக்கையில் ஒருத்தி கைதட்டத் தொடங்க, எல்லோரும் தட்டினார்கள்.

என் வலது கைவிரல்கள் சேலைக் கொய்யகத்தைப் பிடித்திருந்தன, இடது கை கதவுப் பிடியில் இருந்தது. இறங்கத் தயாராக, வழக்கம்போல. நான் அதைக் கவனித்தது கொள்ளுப்பிட்டி தாண்டிய பிறகுதான். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா மூன்றாம் கியருக்கு மாற்றினார்.